மேற்பூச்சு

சிவபாதம் பேச்சை இழந்து பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன. பக்கவாதம் அவருடைய வலது கையையும் நாக்கையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். தலையாட்டுவார், இடது கையால் சுட்டிக்காட்டுவார். எழுதக் கொடுத்தால் இரண்டு எழுத்துகளில் குழம்பிப்போய்ப் பேனையை வைத்துவிடுவார். பலெர்மோ நகரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மகள் மாதங்கியோடு இருந்தார். மனைவி இறந்தபிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதங்கி சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த வாரம் அகழ்வு வேலைக்குப் போகவேண்டிய இடத்தின் படங்களைக் கைக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். சிசிலித் தீவின் உட்பகுதியில், போஜோ கியாரோ என்ற குன்றின் சரிவில், உரோமர் காலத்துப் பண்ணைவீடு ஒன்றின் இடிபாடு. எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் அதன் பெயர் கிடையாது. மண்ணுக்கு மேலே முழங்கால் உயரத்தில் சில சுவர்கள், மண்ணுக்குள்ளே வளைந்த கூரையோடு ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அந்தத் தொட்டியின் படம் வந்தபோது எதிரில் இருந்த சிவபாதம் கையை நீட்டித் திரையை அமர்த்திப் பிடித்தார். தண்ணீர்க் குவளை சரிந்து மேசையெல்லாம் நனைந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

இந்த இடம் தெரியுமா என்று கேட்டாள். தலையாட்டினார். அங்கே வேலை செய்தவரா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், விசா எதுவும் இல்லாத காலத்தில், தோட்டங்களில் வேலை செய்தவர் என்பது அவளுக்குத் தெரியும். பேச்சு இருந்த காலத்திலும் அந்த வருடங்களைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. பழைய இடத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து, புதன்கிழமை அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு மணி நேரப் பயணம். அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெளிறிக் கிடந்தன. கடைசி நான்கு கிலோமீட்டர் மண்பாதை. கம்பியால் கட்டிவைத்த ஒரு படலையைத் திறந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது. பண்ணைக்காரன் இறந்து எத்தனையோ காலம். பிள்ளைகள் வடக்கே மிலானோ பக்கம் போய்விட்டார்கள். வாதுமை மரங்கள் கவனிப்பாரில்லாமல் நின்றன.

அகழ்வுக்குப் பொறுப்பான ஒர்நெல்லா அங்கே காத்திருந்தாள். அறுபத்தொரு வயது. அடுத்த வருடம் ஓய்வு. சிவபாதம் வந்ததை அவள் ஆட்சேபிக்கவில்லை. கதிரை ஒன்றை எடுத்துப்போட்டு, அவர் விசா கிடைத்தபின் பூச்சு வேலை செய்தவர் என்று மாதங்கி சொன்னதும், பழைய பூச்சிலிருந்து குரலை எடுக்கும் இயந்திரத்தை அவருக்கே விளக்கத் தொடங்கிவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியாததா? சுண்ணாம்பு இறுகும்போது நுண்ணிய பளிங்குத் துகள்களாக மாறும். அந்த நான்கைந்து மணி நேரத்தில் பக்கத்தில் யாராவது பேசினால், அந்த அதிர்வுக்கு ஏற்றபடி துகள்கள் சாய்ந்து நின்றுவிடும். நாங்கள் ஒளியால் சூடேற்றி ஒவ்வொரு துகளாகத் தட்டிப் பார்க்கிறோம். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லிவிட்டு அது நிமிர்ந்துவிடும். அதனால் ஒரு சுவரை ஒரு தடவைதான் கேட்கலாம்."

இதுவரை தீவு முழுவதும் நாற்பத்தொரு சுவர்களைக் கேட்டிருந்தார்கள். காற்று, சுத்தியல், நாய், கழுதை. மனிதக் குரல் என்று முழுசாக ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. இந்தத் தொட்டி மூடிய இடம்; குரல் எதிரொலிக்கும்; காற்று நுழையாது. ஒர்நெல்லா தன் கடைசி வருடத்தின் நம்பிக்கை முழுவதையும் இதில்தான் வைத்திருந்தாள்.

தொட்டியின் மூன்று சுவர்களில் ஈரம் ஏறி உரோமர் பூச்சு எப்போதோ உதிர்ந்துவிட்டது. நான்காவது சுவரில் மட்டும், தரையை ஒட்டி இரண்டு முழ நீளத்துக்கு அது மிஞ்சியிருந்தது. அதன் மேல் பிற்காலத்தில் யாரோ இன்னொரு பூச்சுப் பூசியிருந்தார்கள். அந்த மேற்பூச்சை வழித்தெடுத்துவிட்டுத்தான் அடிப்பூச்சைக் கேட்கமுடியும். மேற்பூச்சின் ஒரு சிறு துண்டு, உள்ளங்கை அளவில், சுவரின் உச்சியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வெறும் கல்தான் என்பதால், இயந்திரத்தைச் சரிபார்க்க அந்தத் துண்டைப் பயன்படுத்துவதென்று முடிவாகியிருந்தது.

சிவபாதம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நேரே அந்த நான்காவது சுவரடிக்குப் போய், மேற்பூச்சில் உள்ளங்கையை வைத்து நின்றார். வேலை தொடங்கவேண்டும் என்று மாதங்கி இரண்டு தடவை சொன்னபிறகுதான் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

உச்சித் துண்டிலிருந்து நாற்பது நொடி கிடைத்தது. ஒர்நெல்லா வெளியே போயிருந்தாள். மாதங்கி வழக்கம்போல அதை ஒலிபெருக்கியில் போட்டாள். முதலில் கரண்டி சுவரில் இழுபடும் சத்தம். பிறகு யாரோ முணுமுணுவென்று ஒரு மெட்டை இழுத்தார்கள். பிறகு தமிழ்.

"சிவம், சுண்ணாம்பிலை தண்ணி கூடிப்போச்சு. உன்ர சம்பல் மாதிரிக் கிடக்கு."

"அப்ப நீங்களே குழையுங்கோ அண்ணை."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது குரலை மாதங்கி பதினோரு வருடங்களாகக் கேட்கவில்லை. அது அவள் அறிந்த குரலைவிட இளையது. ஆனாலும் அப்பாவின் குரல்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது சிவபாதம் கதிரையில் இல்லை. படிகளில் இடது கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் ஓடினாள். அவர் வெயிலில் நடந்து, மூன்றாவது வாதுமை மரத்தடியில் போய் நின்று, நிலத்தைச் சுட்டிக்காட்டினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

கேள்வி கேட்டு, தலையசைப்பைப் பார்த்து, பிழையாக ஊகித்து, திரும்பக் கேட்டு, மாதங்கி அன்று பின்னேரத்துக்குள் கதையை ஒருவாறு கோத்துக்கொண்டாள். அந்த முதல் குரல், ஜேர்மனிக்குப் போய்த் தொலைந்தவர் என்று ஊரார் பேச்சில் அவள் பெயர் மட்டும் கேட்டிருந்த யோகேஸ்வரனுடையது. அப்பாவின் ஊரான உரும்பிராயைச் சேர்ந்தவர். அப்பாவை விட மூன்று வயது மூத்தவர். 1997ஆம் ஆண்டு புரட்டாசியில், பண்ணைக்காரன் தண்ணீர் சேமிப்பதற்காக இந்தப் பழைய தொட்டியைப் பூசித்தரச் சொன்னான். சுவர் அடிவரை முடியும் தறுவாயில், மத்தியானத்துக்குப் பிறகு, உச்சியை மறுபடி சரிபார்க்க ஏறிய யோகேஸ்வரன் ஏணியிலிருந்து விழுந்தார். தலை கல்லில் அடித்தது. ஒரு மணி நேரம் உயிர் இருந்தது. விசா இல்லாதவர்களை வேலைக்கு வைத்தது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து பண்ணைக்காரன் வைத்தியரைக் கூப்பிடவில்லை. இந்த மரத்தடியில் புதைத்தார்கள்.

யோகேஸ்வரனுக்கு ஊரில் மனைவி இருந்தாள். சந்திரமலர். அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு ஏன் சொல்லவில்லை என்று மாதங்கி கேட்டாள். சிவபாதம் இடது கையால் வயிற்றின் முன்னே ஒரு வளைவைக் காட்டினார். சுவர் இருந்த திசையைக் காட்டினார். வாயைப் பொத்தினார்.

"சொல்ல வேண்டாம் எண்டு அவரே சொன்னவரோ? பிள்ளை பிறக்குமட்டும்?"

அவர் பலமாகத் தலையாட்டினார்.

"பிறந்த பிறகு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மீதியை அவளே ஊகித்துக்கொண்டாள். பிள்ளை பிறந்திருக்கும். ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்திருப்பார். ஒரு மாதம் போனபின், ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தக் கேள்வி பெருத்திருக்கும். யோகேஸ்வரன் ஜேர்மனிக்குப் போய்விட்டார், அதன்பிறகு தொடர்பில்லை என்று அப்பா ஊருக்கு எழுதியிருந்தார்.

மாதங்கி ஒர்நெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒர்நெல்லா தொலைபேசியைக் கையில் எடுத்தாள். எலும்புகளைப் பற்றிப் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும், அதை இன்றைக்கே செய்வோம் என்றாள். பிறகு இருவருக்கும் தெரிந்த விஷயத்துக்கு வந்தாள். கீழே மிஞ்சியிருக்கும் மேற்பூச்சு கடைசியாகப் பூசப்பட்ட பகுதி. அந்த ஒரு மணி நேரம் அதில்தான் இருக்கும். அதைக் கேட்டால், சூடு அடிப்பூச்சுக்குள்ளும் இறங்கி உரோமர் காலத்துக் குரலை அழித்துவிடும். அதைக் கேட்காமல் வழித்தெடுத்தால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டில் ஒன்றுதான்.

நூறு வருடத்துக்கு உட்பட்ட எதுவும் தொல்பொருள் ஆகாது என்று சட்டம் இருந்தது. ஒர்நெல்லா அடுத்த நாளே வழித்தெடுத்திருக்கலாம்; யாரும் கேட்டிருக்கமுடியாது. அவள் அந்தச் சட்டத்தை வாயில் எடுத்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"இவர்கள் பூசியதால்தான் அடியில் இருப்பது மிஞ்சியது" என்றாள். "அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று முதலில் கண்டுபிடி. எனக்கு மழை தொடங்கும்வரை நேரம் இருக்கிறது."

சந்திரமலரைக் கண்டுபிடிக்க நான்கு நாட்கள் போதுமாயிருந்தன. பலெர்மோவில் இருந்த உரும்பிராய்க்காரர் ஒருவர் வழியாக மகள் நிரோஜாவின் எண் கிடைத்தது. தகப்பன் இறந்து ஒரு மாதத்தில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். திரையில் அவள் முகம் தெரிந்தது. அருகில் தாய் வந்து உட்கார்ந்தாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் அரிசி நிறுத்துக் கொடுத்து மகளைப் படிப்பித்தவள். அறுபத்தாறு வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மாதங்கி தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிறகு அந்த நாற்பது நொடியைப் போட்டாள்.

சந்திரமலர் திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் போடச் சொன்னாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப ஓடிப்போகேல்லை, என்ன?"

"இல்லை மாமி."

"ஆரோ வெள்ளைக்காரியோடை போயிட்டார் எண்டுதான் பிள்ளைக்குச் சொல்லி வளத்தனான்" என்றாள் சந்திரமலர். எழுந்து திரைக்கு வெளியே போனாள்.

நிரோஜாதான் பேசினாள். அவள் குரலில் அழுகை இல்லை. இரண்டு பூச்சு விஷயத்தை மாதங்கி விளக்கியதும், கேட்கவேண்டும், கட்டாயம் கேட்கவேண்டும் என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு, எலும்புகளைத் தோண்டியெடுத்த வைத்தியரின் அறிக்கை அவளுக்கு வந்தபோது அவள் இன்னும் உறுதியானாள். மண்டையோட்டின் பின்புறத்தில் ஒரு வெடிப்பு. விழுந்ததாலும் வந்திருக்கலாம், அடித்ததாலும் வந்திருக்கலாம் என்று வைத்தியர் எழுதியிருந்தார். அரசாங்க வழக்கறிஞர் சிவபாதத்தின் தலையசைப்புகளைப் பதிவுசெய்துகொண்டு, நாற்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு யார்மீதும் வழக்கில்லை என்று கோப்பை மூடிவிட்டார். நிரோஜா மூடவில்லை.

"சொல்ல வேண்டாம் எண்டு என்ர அப்பா சொன்னவர் எண்டு உங்கட அப்பா சொல்லுறார். அது அவருக்கு வசதியான பதில்தானே. பொய்யெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் சாட்சி அந்தச் சுவர் ஒண்டுதான்."

மாதங்கிக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அந்தச் சுவர் வேண்டியிருந்தது. அப்பா குற்றமற்றவர் என்று அது சொல்லும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அப்பா பேசிக்கொண்டிருப்பார். எதைப் பேசினாலும் சரி, ஒரு மணி நேரம் அவர் பேசுவதைக் கேட்கலாம்.

தானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சந்திரமலர் சொல்லியனுப்பினாள். விசாவுக்கு ஒர்நெல்லா கடிதம் எழுதினாள். விசா கிடைக்க இருபத்தாறு நாட்கள் சென்றன. இதற்கிடையில் மழை தொடங்கிவிட்டது. திறந்து வைத்த தொட்டியில் ஈரம் ஏறினால் இரண்டு பூச்சும் சேர்ந்து உதிரும். ஒர்நெல்லா தொட்டியின் வாய்க்குத் தறப்பாள் கட்டினாள். ஒவ்வொரு காலையும் நகரத்திலிருந்து வண்டியோட்டி வந்து, தரையில் ஊறிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தாள். முழங்கால் வலிக்க வலிக்கச் செய்தாள். காத்திருப்பது மடத்தனம் என்று மேலதிகாரி ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கார்த்திகை முதல் வாரத்தில், மழை விட்டிருந்த ஒரு காலையில், நால்வரும் அந்த மண்பாதையில் வந்து சேர்ந்தார்கள். சந்திரமலர் சேலைக்கு மேலே மகளின் தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள். முதலில் வாதுமை மரத்தடிக்குப் போனாள். தோண்டிய குழி மூடப்பட்டு, ஈர மண்ணில் பச்சை முளைத்திருந்தது. குனிந்து அந்த மண்ணைத் தொட்டாள். பிறகு தொட்டிக்குள் இறங்கினாள்.

சிவபாதம் ஏற்கெனவே உள்ளே இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, முழந்தாளிட முயன்றார். வலது கால் மடங்க மறுத்தது.

"இருங்கோ, சிவம் அண்ணை" என்றாள் அவள். மாதங்கி கொண்டுவந்து வைத்த பெட்டி ஒன்றின்மேல் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நாப்பத்தி நாலு வருசம். காலமை எழும்பினால் அந்த மனிசனைத் திட்டித்தான் அடுப்பு மூட்டுவன். செத்தவரை அல்லோ திட்டியிருக்கிறன். அதையெல்லாம் நான் என்னெண்டு திருப்பி எடுக்கிறது?"

சிவபாதத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவர் துடைக்கவில்லை. பார்வையை விலக்கவும் இல்லை.

"பிள்ளை பிறந்தது உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் போட்டிருந்தால் காணும். ஒரே ஒரு கடிதம்."

அவர் தலையாட்டினார். ஓம் என்பதுதான் அந்தத் தலையாட்டல். வேறு எந்தச் சமாதானமும் அதில் இல்லை.

நிரோஜா சுவரடியில் நின்றாள். இனிப் பேசி என்ன பயன், கேட்கத் தொடங்குவோம் என்றாள். ஒர்நெல்லா ஒரு மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் என்ன பேசப்படுகிறது என்பது தெரிந்திருந்தது.

சந்திரமலர் மகளைக் கையமர்த்தினாள். சிவபாதத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர் தனியவோ போனவர்?"

சிவபாதம் இல்லையென்று தலையசைத்தார். பிறகு கதிரையிலிருந்து மெல்லச் சறுக்கித் தரையில் இறங்கினார். மாதங்கி பிடிக்க வந்தபோது வேண்டாமென்று கையைக் காட்டினார். சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார்ந்தார். மடியில் ஒரு தலை கிடப்பதைப்போல இடது கையை அதன்மேல் வைத்தார். நெற்றியிலிருந்து பின்னோக்கி, மயிரை ஒதுக்குவதுபோல, மெதுவாகத் தடவினார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மறுபடியும் தடவினார். யாரும் அவரை நிறுத்தவில்லை. அவர் கை தடவிக்கொண்டே இருந்தது.

சந்திரமலர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் காணும்" என்றாள் கடைசியில். மகளைத் திரும்பிப் பார்த்தாள். "பொய்க்கு ஒருத்தன் இப்பிடித் தடவமாட்டான். நீ ஆஸ்பத்திரியிலை எத்தினை பேரைப் பாத்தனீ. உனக்குத் தெரியாதே?"

நிரோஜா சுவரிலிருந்து ஓரடி விலகினாள்.

"அவர் சாகிறதை நான் கேக்கமாட்டன். பகிடி விட்டதைக் கேட்டன். சிரிச்சதைக் கேட்டன். என்ர காதுக்குள்ளை அதுதான் இருக்கவேணும். உனக்கும் அதுதான் உன்ர அப்பா. இந்தச் சுவரிலை கிடக்கிறது நோவு. அதைத் தட்டி எழுப்பி என்ன செய்யப்போறம்?"

பிறகு ஒர்நெல்லாவிடம் சொல்லும்படி மாதங்கியைப் பார்த்துச் சொன்னாள்.

"அடியிலை இருக்கிற சனத்தைக் கேக்கட்டாம் எண்டு சொல்லு பிள்ளை. அவையையும் ஆரோ தேடியிருப்பினம்."

மாதங்கி அதை இத்தாலிய மொழியில் சொன்னபோது ஒர்நெல்லா கைகளை அவிழ்த்துவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல நின்றாள்.

சந்திரமலர் எழுந்து, தரையில் இருந்த சிவபாதத்தின் பக்கம் குனிந்தாள். "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரேல்லை, சிவம் அண்ணை. வரும். நாள் எடுக்கும்" என்றாள்.

மேற்பூச்சின்மேல் ஈரப்பசை தடவி, அது இளகியபின் மரத்தகட்டால் வழித்தெடுக்கவேண்டும். மாதங்கி நூறு தடவை செய்த வேலை. பசையைத் தடவி, அரை மணி நேரம் காத்திருந்து, தகட்டைக் கையில் எடுத்தாள். சுவரில் வைத்தாள். கை நகரவில்லை. இந்த வெளிறிய சுண்ணாம்புக்குள் இருபத்து நான்கு வயதுச் சிவபாதம் பேசிக்கொண்டிருந்தார். யாரைச் சமாதானப்படுத்த என்ன சொன்னாரோ. எதற்குச் சத்தியம் செய்தாரோ. இழுத்துவிட்டால் அவ்வளவும் தூள்.

அவள் முழங்கையில் ஒரு கை பட்டது. சிவபாதம் அவளிடமிருந்து தகட்டை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சுவர் வாய் திறக்கவேண்டும் என்று அங்கிருந்த எல்லோரிலும் அதிகமாக விரும்பியவர் அவர்தான் என்பது மாதங்கிக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை திரையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார். தனக்காகச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே வாய் அது. அவர் தகட்டை இடது கையில் சரித்துப் பிடித்து, மேலிருந்து கீழே, ஒரே சீராக இழுத்தார். பூச்சு சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. அடியில் செங்கல் தூள் கலந்த இளஞ்சிவப்புப் பூச்சு, கீறல் படாமல் வெளிப்பட்டது. பழகிய கை. ஒரு தடவைகூட ஆழமாகப் போகவில்லை.

மூலையை அடைந்தபோது வெளிச்சம் போதவில்லை. தகட்டின் நிழலே சுவரை மறைத்தது. அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்த நிரோஜா, நிலத்திலிருந்த விளக்கை எடுத்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். அவர் தகட்டை எங்கே நகர்த்தினாரோ அங்கே விளக்கையும் நகர்த்தினாள். வேலை முடிய இரண்டு மணி நேரம் சென்றது. அதுவரை விளக்கை அவள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

எலும்புகள் பலெர்மோவில் எரிக்கப்பட்டன. சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைப்பதற்குத் தாயும் மகளும் கொண்டுபோவதாக இருந்தது. புறப்பட ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் மாதங்கியின் வீட்டில்தான் தங்கினார்கள். சந்திரமலர் சிவபாதத்தோடு அதிகம் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில், அவருடைய இடது கைக்கு எட்டும்படி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். நிரோஜா அவருடைய மருந்துகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, ஒன்று தேவையில்லை என்றும், வலது கைக்குச் செய்யவேண்டிய பயிற்சியை நிறுத்தியது பிழை என்றும் மாதங்கியைக் கண்டித்தாள். அந்தப் பயிற்சியைத் தானே தொடங்கியும் வைத்தாள்.

அடிப்பூச்சைக் கேட்டது மூன்றாம் நாள். இரண்டாயிரம் வருடத்தில் தேய்ந்தது போக ஆறு நிமிடம் மிஞ்சியிருந்தது. கேட்டு முடிந்ததும் ஒர்நெல்லா தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். மனிதக் குரல்கள், தெளிவாக, இரண்டு. அவள் அதை அன்றைக்கே நாலைந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினாள். இலத்தீன் அறிஞர்கள் இலத்தீன் இல்லை என்றார்கள். கிரேக்கமும் இல்லை. கார்த்தேஜ்காரர்களின் மொழியும் இல்லை. எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகளாக இருக்கலாம், இந்த மொழி எழுத்தில் எங்கும் மிஞ்சவில்லை, சொற்களைப் பிரிக்கக்கூட முடியாது என்று ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். இருபது வருடம் உரோமரின் பேச்சைக் கேட்கக் காத்திருந்தவளுக்கு உரோமர் அல்லாதவர்கள்தான் கிடைத்தார்கள்.

சந்திரமலர் புறப்படுவதற்கு முதல் நாள் காலை ஒர்நெல்லா மூன்று மாடியும் ஏறி வந்தாள். முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று மாதங்கி தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்றும் தெரியவில்லை. இதைச் சந்திரமலர் கேட்காமல் ஊருக்குப் போகக்கூடாது என்று சொல்லி, சாப்பாட்டு மேசைமேல் ஒலிபெருக்கியை வைத்தாள்.

சுவரில் எதையோ தேய்க்கும் சத்தம். மேலே, தூரத்திலிருந்து, ஒரு பெண் குரல். தொட்டிக்குள் அது உருண்டு வந்தது. கிட்டத்தில் ஒரு ஆண் குரல் சுருக்கமாக ஏதோ சொன்னது. தேய்ப்பது நிற்கவில்லை. பெண் குரல் மறுபடி வந்தது, கொஞ்சம் உயர்ந்து. ஆண் அதே பதிலைச் சொன்னான். மூன்றாவது தடவை அவள் குரல் நீளமாக, இடைவிடாமல் வந்தது. தேய்ப்பது நின்றது. அவன் சிரித்தான்.

சந்திரமலர் கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டாம் தடவை போடச் சொன்னாள். நீளமாகப் பேசும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாப்பிட வரச்சொல்லுறாள்" என்றாள். "இந்தா வாறன் எண்டு சொல்லிப்போட்டு அவன் வேலையிலை நிக்கிறான். மூண்டாந்தரம் கூப்பிடேக்கை அவளுக்குக் கோபம் வந்திட்டுது. சோறு ஆறுதெண்டு பேசுறாள்."

சிவபாதமும் சிரித்தார். தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு மாதங்கி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒர்நெல்லாவுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். அவர்களுக்குச் சோறு இருந்திருக்காது, வேறு ஏதாவது இருந்திருக்கும் என்று ஒர்நெல்லா மிகுந்த கவனத்தோடு சொன்னாள். அது எதுவானாலும் ஆறித்தானே போகும் என்று சந்திரமலர் பதில் சொன்னாள்.

மாசியில் வெளியான அகழ்வு அறிக்கையின் முப்பத்தேழாம் பக்கத்தில் ஒர்நெல்லா இப்படிப் பதிவுசெய்திருந்தாள்:

சுவர் எண் 42. குரல்கள்: இரண்டு. மொழி: தெரியவில்லை. பொருள்: உணவு ஆறுகிறது, வா. பொருளைக் கண்டறிந்தவர்: சந்திரமலர் யோகேஸ்வரன், உரும்பிராய்.